பிரம்பில்லாத பள்ளிக்கூடம்

மொஸ்கோ நகரத்து இராணுவப் பள்ளிக்கூடம் ஒன்றிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் எழுபதுகளில், மாணவர் சிலர் மறைவிடத்திற் கூடி ஒரு நாய்க்கு மரண தண்டனை விதித்தனர். அந்த நாய் குற்றம் யாதும் செய்யவில்லை. மாணவர்கள் தம் உணவில் எஞ்சியதை ஊட்டி வளர்த்துவந்த ஷூச்கா என்னும் நாய் ஒன்று அங்கே இருந்தது. பள்ளிக் கண்காணிப்பாளன் தனக்கென வேறொரு நாயைக் கொண்டுவந்து சேர்த்தான். அதன் பெயரும் ஷூச்காதான். அன்று தொட்டு அவன் தன் நாயைப் பேணி, மாணவரின் நாயை அடித்து வதைக்கலானான். ஒரு நாள் கொதிநீரையே அதன்மேல் வீசிவிட்டான். மயிரும் தோலும் கழன்ற விலாவோடு அது அலறி ஓடியதைக் கண்ட பிள்ளைகள் பழிவாங்கத் துடித்தனர். அவனை அவர்களால் ஒன்றும் செய்தல் இயலாது. ஆகவே அவனுடைய நாயைத் தூக்கிலிடுவதென்று முடிவாயிற்று. தூக்கிலிடுபவன் யார்? தொப்பியொன்றிற் சீட்டுகளைப் போட்டு எடுத்தார்கள். சீட்டு விளாடிமிர் தூரொவ் என்ற சிறுவனுக்கு விழுந்தது.

கழுத்திற் கயிற்றோடு நாய் குதித்துக் குதித்து அவனுடன் கொட்டிலுக்குச் சென்றது. விளையாட அழைத்துச் செல்கின்றான் என்றே அது எண்ணியிருக்க வேண்டும். இருட்டில், உத்தரத்தின் மேலாகக் கயிற்றை எறிந்து இழுத்தான். நாயின் தொண்டையிலிருந்து எழுந்த ஓசை கேட்டதும் அவன் கைகள் தளர்ந்தன, கயிறு நழுவியது, நாய் தரையில் வீழ்ந்தது. அது குற்றுயிராய்த் துடிக்குமே, அதனை விரைவில் முடித்துவிடுவதே கருணை என்று எண்ணிக் கல்லொன்றை எடுத்து இருளில் எறிந்துவிட்டு அழுதுகொண்டு ஓடினான். அன்றிரவு அவனுக்கு உறக்கமில்லை. மறுநாட் காலை அணிவகுப்புத் திடலிலே கண்காணிப்பாளன் அருகில் அந்த நாய் வாலை ஆட்டியபடி நின்றது. எறிந்த கல் களிமண்ணிற் பட்டிருந்தது. சிறுவனைக் கண்டதும் அது முனகிக்கொண்டு ஓடிவந்து அவன் காலில் உராய்ந்தது.

பிற்காலத்தில் தூரொவ் சிறுவருக்காக எழுதிய தம் நினைவுகளில் இக்கதையை முதலில் வைத்தார். விலங்குகளை நேசிக்கத் தொடங்கியது அன்றுதான் என்றும், பின்னர் அவற்றுக்குக் கற்பித்தபோது கோலைத் தொடாமற் கற்பித்ததன் வேர் அங்கேயே இருந்தது என்றும் அவர் கருதினார். கலைஞர்கள் தம் இளமையைக் கூறும்போது கொஞ்சம் மெருகிட்டுக் கூறுவது வழக்கம். அதனை நாம் அறிவோம். ஆயினும் மேடையில் புகழ் பெற்ற ஒருவர் தம் வரலாற்றைத் தாம் செய்த கொடுமையிலிருந்து தொடங்குவது அரிது.

விளாடிமிர் லெயோனிதோவிச் தூரொவ் 1863ஆம் ஆண்டு மொஸ்கோவிற் பிறந்தார். ருஷ்ய உடலியலறிஞர் செச்செனோவ் மூளையின் அனிச்சைச் செயல்களைப் பற்றிய தமது புகழ்பெற்ற நூலை வெளியிட்டதும் அதே ஆண்டிலாகும். தற்செயலான பொருத்தமெனினும் நினைத்துப் பார்க்கச் சுவையானது. தூரொவும் அவருக்கு ஓராண்டு இளையவரான தம்பி அனத்தோலியும் சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தனர். ஞானத்தந்தை ஒருவரின் ஆதரவில் வளர்ந்தனர். அவருக்குப் பிள்ளைகளை இராணுவ அதிகாரிகளாக்க விருப்பம். பிள்ளைகளுக்கோ கைகளால் நடக்கவும் கரணமடிக்கவும் விருப்பம். படிப்பு நிலைக்கவில்லை. இருவரும் சந்தைவெளிக் கொட்டகைகளில் வித்தைக்காரரோடு சேர்ந்தனர். பிற்காலத்தில் இருவருமே பெரும் புகழ் எய்தினர்; உண்மையான தூரொவ் யார் என்று விளம்பரத் தாள்களிற் போட்டியிடும் அளவுக்குப் பகையும் கொண்டனர். அனத்தோலி 1916இல் இறந்தார். அந்தச் சகோதரச் சண்டையை விரித்துரைப்பதால் நமக்குப் பயனொன்றுமில்லை.

1880களில் விளாடிமிர் விலங்குகளோடு மேடையேறினார். அன்றைய ஐரோப்பிய சர்க்கஸ்களில் விலங்கு பழக்குதல் எவ்வாறு நடந்தது என்பதை அறிந்தாலன்றி அவர் செய்ததன் பெறுமதி விளங்காது. சாட்டை, கூர்முனைக் கோல், பட்டினி, பழுக்கக் காய்ச்சிய இரும்பு ஆகியவையே பழக்குவோரின் கருவிகள். சூடேற்றிய தகட்டின்மேல் நிறுத்தப்பட்ட கரடி, கால் சுடுவது பொறாமல் மாறி மாறித் தூக்கும். அப்போது ஓர் இசை ஒலிக்கும். பின்னர் அந்த இசையைக் கேட்ட மாத்திரத்தில், தகடு இல்லாவிடினும், கரடி காலைத் தூக்கும். அதனை நடனம் என்று கூறி மக்கள் கைதட்டினார்கள். அடியாத மாடு படியாது என்னும் பழமொழி நம்மவர் வாயிலே மட்டும் வழங்குவதன்று. உலகெங்கும் அதுவே கல்விக் கொள்கையாக இருந்தது.

தூரொவ் மட்டுமே இதனை எதிர்த்தார் என்று கூறுதல் பொருந்தாது. ஜேர்மனியில் ஹம்பேர்க் நகரத்து விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக்கும் மென்மையான பழக்குமுறையை வற்புறுத்தியவரே. (இந்தப் பெயர் இலங்கையருக்குப் புதியதன்று. அவருடைய மாற்றாந்தாய்ச் சகோதரர் ஜோன் ஹாகன்பெக் கொழும்பையடுத்து வைத்திருந்த விலங்குத் தொகுதியிலிருந்தே தெகிவளை மிருகக்காட்சிச்சாலை உருவாயிற்று.) ஆனால் ஹாகன்பெக்குக்கு அது பெரிதும் வணிக விவேகம், அடித்துப் பழக்கிய விலங்கு நெடுநாள் வாழாது, நம்பத்தக்கதுமன்று. தூரொவ் ஏன், எப்படி என்ற வினாக்களைத் தொடுத்துக்கொண்டே போனார். அவ்வகையில் அவரை வெறும் கோமாளி என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

அவருடைய முறையை அவர் எழுதிய ஒரு பன்றியின் கதையாலேயே விளக்கலாம். பள்ளிக்குப் புதிதாய்ச் சேர்ந்த அப்பன்றிக்கு முதலில் தடவிக்கொடுத்து ஒரு துண்டு இறைச்சி தந்தார். அது இன்னும் வேண்டுமென்று உறுமிற்று. அறையின் மூலைக்குப் போய் நின்று இன்னொரு துண்டைக் காட்டினார், ஓடிவந்தது. சில நாட்களில் அவர் போகுமிடமெல்லாம் பின்தொடர்ந்தது. இதுவே முதற் பாடம். வேறொன்றுமில்லை, ஆசிரியன் இருக்குமிடத்தில் நன்மையுண்டு என்பதே அப்பாடம். இரண்டாம் பாடத்தில், கொழுப்புத் தடவிய ரொட்டித் துண்டை அதன் தலைக்குமேற் பிடித்து மெல்ல வட்டமாக அசைத்தார். மூக்கு ரொட்டியைத் தொடர்ந்தது. மூக்கைத் தலை தொடர்ந்தது. தலையை உடல் தொடர்ந்து, பன்றி நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. உடனே கொழுப்புத் துண்டு அதன் வாய்க்குச் சென்றது. ருஷ்யப் பள்ளிகளில் மாணவர் பெறக்கூடிய அதியுயர்ந்த புள்ளி ஐந்து. தாம் தரும் துண்டுகளைத் தூரொவ் வேடிக்கையாக ஐந்து புள்ளி என்றே குறிப்பிடுவார். ஒவ்வொரு முறையும் திரும்பு என்ற சொல்லையும் சேர்த்துக் கூறினார். நாளடைவில் சொல் மட்டும் போதுமாயிற்று. பார்வையாளர் கண்ணுக்குப் பன்றி வால்ஸ் நடனம் ஆடியது.

அதே பன்றி பின்னர் ஆகாயத்திலிருந்தும் குதித்தது. அக்காலத்தில் வெப்பக் காற்றுப் பலூனிலிருந்து பரசூட்டில் இறங்கும் வீரர்களைக் காண மக்கள் திரள்வர். தூரொவ் தம் பன்றியை அந்த வீரனாக்க எண்ணினார். திடீரென்று மேலே கொண்டுபோய்த் தள்ளிவிடுவது எளிது. ஆனால் அது கற்பித்தலாகாது. முதலில் மெத்தென்ற வார்களைப் பூட்டிச் சற்றே உயரத் தூக்கினார். காலின்கீழ்த் தரை இல்லாததை உணர்ந்து பன்றி வீரிட்டது. உணவுக் கிண்ணத்தை மூக்கருகிற் கொண்டுசென்றார். தின்னத் தொடங்கியதும் தொங்குவதை மறந்தது. அது பழகியபின், உயரத்தில் ஒரு மேடை, அதற்கப்பால் கிண்ணம். எலாம் மணிக்கூடு ஒலித்ததும் கிண்ணம் தோன்றும். பன்றி அதனை நோக்கி மேடையிலிருந்து தாவும். வாரிலே தொங்கி ஆடிக்கொண்டே உண்ணும். மணி ஒலித்தால் தாவ வேண்டும், தாவினால் உணவுண்டு என்பது அதன் மனத்தில் ஊன்றிவிட்டது. உரிய நாளில் பலூன் உயர்ந்தது; உயரத்திலே மணி அடித்தது; பன்றி வழக்கம்போற் குதித்தது; பரசூட் விரிந்தது. கீழே நின்ற கூட்டம் கண்டது ஒரு துணிகரச் செயலை. பன்றி செய்ததோ, தினமும் செய்யும் செயலை.

நாய்களுக்கு அவர் கற்பித்ததும் இவ்வழியே. வளையத்தினூடு பாய்வதை எடுத்துக்கொள்வோம். அடித்துப் பழக்குபவன் வளையத்தை இடுப்பளவு உயர்த்திப் பிடித்து, நாயை விரட்டி, பாயாவிடில் சாட்டையை வீசுவான். படிப்படியாகப் பழக்குபவன் வளையத்தைத் தரையோடு தரையாக நிறுத்துவான். நாய் அதனை மோந்து பார்த்தாலே ஒரு துணுக்கு. தலையை நுழைத்தால் மறு துணுக்கு. அதன்பின் தலையை மட்டும் நுழைத்தாற் போதாது, முன்னங்கால்களும் வரவேண்டும். அதுவும் எளிதானபின் முழு உடலும் கடக்க வேண்டும். வளையம் விரலளவு உயரும், பின்னும் விரலளவு. ஓரிடத்தில் நாய் தயங்கினால் பிழை நாயினுடையதன்று, படி பெரிதாகிவிட்டது. அப்போது ஒரு படி கீழிறங்கி, அது வெல்லக்கூடிய இடத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். துணுக்கு மிகச் சிறிதாயிருத்தல் வேண்டும். இல்லையேல் இரண்டு முறையில் வயிறு நிரம்பிவிடும். வயிறு நிரம்பிய மாணவனுக்கு மாமிசத்தின்மேல் மதிப்பில்லை. தாமதமும் கூடாது. செயலுக்கும் பரிசுக்கும் இடையே சில கணங்கள் கடந்துவிட்டால், இடையிலே தலையைச் சொறிந்த நாய், சொறிந்ததற்கே பரிசு கிடைத்தது என்று கொள்ளும்.

இம்முறைக்குச் சுவையூக்கம் என்று பொருள்படும் ஒரு சொல்லைத் தூரொவே ஆக்கிக்கொண்டார். அச்சத்தை ஏமாற்றுதல் என்று பொருள்படும் மற்றொரு சொல்லும் அவருடையதே. விலங்கு அஞ்சிக்கொண்டிருக்கும் வரையில் எதனையும் கல்லாது. ஆதலால் அதன் அச்சத்தைத் தந்திரமாகக் கலைப்பது ஆசிரியனின் முதல் வேலை என்பது அவர் கருத்து. சொற்களைப் புதிதாகப் படைப்பதில் அவருக்கு ஓர் ஆசை உண்டு. விஞ்ஞானிகள் சிலர் அவற்றைக் கேட்டுப் புன்னகை செய்ததும் உண்டு. ஆனால் அச்சொற்களின் உள்ளீடு பொய்யன்று.

இதே காலத்தில் இவ்விஷயத்தை ஆராய்ந்த அறிஞர்கள் இருந்தனர். இவான் பவ்லோவ் நாய்களை வைத்து ஆராய்ந்த கதை மாணவர் யாவரும் அறிந்ததே: உணவுக்கு முன் ஓர் ஒலியைக் கேட்டுக் கேட்டுப் பழகிய நாய், ஒலியைக் கேட்ட அளவில் உமிழ்நீர் சுரக்கும். ஆனால் அங்கே நாய் கட்டப்பட்டு நிற்கிறது. அது ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. உணவு தானாகவே வரும். தூரொவின் நாயோ உணவைத் தன் செயலால் ஈட்டுகிறது. இந்த வேற்றுமையை அமெரிக்க அறிஞர் எட்வர்ட் தோர்ண்டைக் 1898இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் பதிவுசெய்தார். பெட்டிக்குள் அடைபட்ட பூனையும் நாயும் தற்செயலாய்த் தாழைத் திறந்து வெளியேறி உணவைப் பெற்றபின், அச்செயலை வரவர விரைவிற் செய்யக் கண்டார். நற்பயனைத் தந்த செயல் நிலைபெறும் என்பது அவர் கண்ட விதி. பின்னர் ஸ்கின்னர், விரும்பும் செயலை நோக்கி ஒவ்வோர் அடியையும் பரிசளித்து உருவாக்கும் முறையை ஆய்வுசாலையில் நிறுவினார். 1951இல் எழுதிய ஒரு கட்டுரையில், அழுத்தினால் ஓசையெழுப்பும் விளையாட்டுப் பொருளொன்றைக் கொண்டு வீட்டு நாய்க்கு எவரும் கற்பிக்கலாம் என்று விளக்கினார். இன்று உலகெங்கும் நாய் பழக்குவோர் கையிலே டிக் டிக் என்று ஒலிக்கும் சிறு கருவி அந்த வழியில் வந்ததே. தூரொவ் சூத்திரம் எழுதவில்லை. அளவைகள் குறித்து அட்டவணை வகுக்கவில்லை. ஆயினும் அவ்வறிஞர் பெட்டியில் அடைத்துக் கண்டதை அவர் மேடையிலும் தொழுவத்திலும் நடத்திக் காட்டினார்.

இலக்கிய அன்பர்கள் தூரொவை வேறு வழியிலும் அறிந்திருக்கக் கூடும். அன்ரன் செக்கோவின் கஷ்தான்கா என்னும் கதை 1887இல் வெளிவந்தது. தெருவில் வழிதவறிய நாயொன்றை ஒரு சர்க்கஸ் கோமாளி எடுத்து வளர்க்கின்றான். அவன் வீட்டில் வாத்து, பூனை, பன்றி எல்லாம் வித்தை பயில்கின்றன. நாயும் பயில்கிறது, முதல் நாள் மேடையேறும்போது, மேல்மாடத்தில் அமர்ந்திருந்த பழைய எசமானனும் அவன் மகனும் பெயர் சொல்லி அழைக்க, எல்லாவற்றையும் விட்டு அவர்களிடம் ஓடிவிடுகிறது. இக்கதையின் கருவைத் தாமே செக்கோவுக்குக் கூறியதாகத் தூரொவ் எழுதினார். அது முற்றும் அவ்வாறோ அன்றோ, கதையில் ஓர் இடம் நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. பழைய வீட்டுச் சிறுவன், இறைச்சித் துண்டை நூலிற் கட்டி நாய்க்குக் கொடுப்பான். அது விழுங்கியதும் சிரித்துக்கொண்டே நூலைப் பிடித்து வயிற்றிலிருந்து வெளியே இழுப்பான். கோமாளியோ வயிறார உணவிட்டு, பொறுமையாய்க் கற்பித்து, பாராட்டுகின்றான். இருந்தும் நாய் நூலிற் கட்டிய இறைச்சியின் வீட்டுக்கே திரும்புகிறது. இறைச்சித் துணுக்கினாற் செயலை வாங்கலாம். அன்பின் கணக்கு வேறெங்கோ எழுதப்படுகிறது என்பதைச் செக்கோவ் கண்டார். தூரொவின் முறையைப் போற்றுவோர் மறவாமல் எண்ண வேண்டிய கதை இது. சிறு வயதில் தாம் தூக்கிலிட முயன்ற நாய் மறுநாள் தம் காலில் உராய்ந்ததே, அதற்கு எந்தத் துணுக்கைப் பரிசாகக் கொடுத்திருந்தார்?

1912இல் மொஸ்கோவின் போஷெதொம்கா வீதியில் ஒரு பெரிய மாளிகையைத் தூரொவ் தம் விலங்குகளுக்காகத் திறந்தார். தூரொவின் மூலை என்பது அதன் பெயர். பெயர்தான் மூலை; யானையும் கடற்சிங்கமும் கரடியும் குரங்கும் நாயும் முயலும் பறவைகளும் வாழ்ந்த இடம். அங்கே மேடையும் இருந்தது. நாளடைவில் அரும்பொருட்சாலையும் ஆய்வுக்கூடமும் சேர்ந்தன. ஒரே மேசையில் ஓநாயும் ஆடும், நரியும் சேவலும் அமர்ந்து உண்பதை அவர் காட்டினார். பகைகொண்ட பிராணிகளையும் குட்டிப் பருவத்திலிருந்தே அச்சம் நீக்கி, பசி தீர்த்து, படிப்படியாய் அருகருகே கொண்டுவந்தால் ஒன்றாய் உண்ணும் என்பதை அது உணர்த்திற்று.

அடுத்து வந்தது உலகப் போர், அதன்பின் புரட்சி. 1919இல் மாளிகை அரசுடைமையாயிற்று. தூரொவ் அதன் தலைவராய் அங்கேயே இருக்க இடமளிக்கப்பட்டது. கல்வி அமைச்சர் லுனச்சார்ஸ்கி போன்றோரின் ஆதரவும் இருந்தது. ஆயினும் அவ்வாண்டுகளில் மொஸ்கோ பசியால் வாடியது. மனிதனுக்கே ரொட்டி இல்லாதபோது யானைக்கும் கடற்சிங்கத்துக்கும் யார் தருவர்? உணவைப் புள்ளியாய் வழங்கும் பள்ளியில் உணவே இல்லாமற்போன நாட்கள் அவை. எத்துணை அழகிய கற்பித்தல் முறையும் ஒரு வாளி மீனையும் ஒரு தட்டு இறைச்சியையும் நம்பியே நிற்கிறது என்பதை அவரைவிட உணர்ந்தவர் அன்று இருந்திரார்.

அவர் வாழ்வில் மிகவும் விநோதமான அத்தியாயமும் இக்காலத்தையே சேர்ந்தது. மேடையில் அவர் நாய் கணக்குப் போடும். ஒருவர் எண்ணைக் கூற, நாய் சரியாக அத்தனை முறை குரைக்கும். இதன் இரகசியத்தைத் தூரொவ் ஒளித்து வைக்கவில்லை. நாய்க்கு எண் தெரியாது, குரைக்கத் தொடங்கும், பார்வையாளர் காதில் விழாத மெல்லிய ஓசையொன்றை அவர் எழுப்பியதும் நிறுத்திவிடும். நாயின் செவி அத்துணை கூர்மையானது. இதனைக் கண்டுகொண்ட மனிதர் அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் ஓசையின்றி, சைகையின்றி, வெறும் எண்ணத்தாலேயே நாயை ஏவலாம் என்று அவர் நம்பத் தலைப்பட்டார்.

பெத்ரோகிராத் நகரில் வாழ்ந்த விளாடிமிர் பெக்தெரெவ், மூளையையும் நரம்பையும் பற்றிய ஆராய்ச்சியில் பவ்லோவுக்கு ஒப்பாகப் பேசப்பட்ட பேரறிஞர். அவர் முன்னிலையில் தூரொவ் பிக்கி என்னும் சிறு நாயைக் கொண்டு பரிசோதனைகள் நடத்தினார். நாயின் முகத்தை இரு கைகளாலும் ஏந்தி, கண்ணோடு கண் நோக்கி, அது செய்ய வேண்டியதை மனத்தில் ஓவியமாய் நினைப்பார். பின்பு விடுவிப்பார். நாய் பியானோவின் முன்னிருந்த ஆசனத்தில் ஏறி, அதன் வலப்பக்கக் கட்டைகளைக் காலால் தட்டும். பெக்தெரெவ் தாமே தூரொவ் இல்லாமலும் செய்து பார்த்தார். கண்ணால் ஏவுதல் உண்டெனக் கொண்டு எழுதியும் விட்டார். தூரொவின் மாளிகையிலும் பல ஆண்டுகள் இத்தகைய பரிசோதனைகள் நடந்தன.

இன்று இதனை ஏற்பாரில்லை. ஏற்காமைக்குரிய காரணம் அப்போதே அச்சேறியிருந்தது என்பதுதான் வியப்பு. பேர்லினில் ஹான்ஸ் என்னும் குதிரை குளம்பைத் தட்டிக் கணக்கு விடை கூறியது. அதன் உரிமையாளர் ஏமாற்றுக்காரர் அல்லர். குதிரைக்குக் கணக்குத் தெரியுமென்றே நம்பியவர். 1907இல் ஒஸ்கார் பூங்ஸ்ற் என்பவர் உண்மையை வெளிப்படுத்தினார். விடை நெருங்கும்போது கேள்வி கேட்டவரின் தலை, அவரே அறியாமல், நூலளவு அசைந்தது. குதிரை அந்த அசைவைப் படித்தது. கேட்டவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. தூரொவின் நாய்களும் ஆண்டுக்கணக்காய் அவர் முகத்தையும் மூச்சையும் விழியசைவையும் படித்துப் பரிசு பெற்றவை. எண்ணம் பறந்து செல்ல வேண்டிய தேவையே இல்லை. எண்ணுபவனின் உடம்பு பேசிவிடுகிறது. இதனால் தூரொவின் புகழ் குன்றுமெனச் சிலர் கருதுவர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அவர் தம் மாணவரை நன்கு கற்பித்துவிட்டார். தாம் கற்பித்தது எவ்வளவு என்பதை அவரே அறியவில்லை. அறிவித்த பாடத்தோடு அறிவிக்காத பாடத்தையும் மாணவன் ஆசிரியனின் முகத்திலிருந்து படித்துக்கொள்வதை வகுப்பறையில் நிற்பவர்கள் அறிவார்கள்.

நாற்பது ஆண்டு அனுபவத்தைத் தொகுத்து விலங்குகளைப் பழக்குதல் பற்றிய நூலை 1924இல் தூரொவ் வெளியிட்டார். 1927இல் அவர் வாழ்ந்த வீதிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. சிறுவர் அவரைத் தாத்தா தூரொவ் என்றே அழைத்தனர். முதுமையிலும் கோமாளியின் பட்டாடையோடும் அதன்மேற் குத்திய பதக்கங்களோடும் மேடையேறினார்.

அவர் வாழ்வில் நமக்கு உடன்பாடில்லாதனவும் உண்டு. காட்டு விலங்கைக் கூண்டிலிட்டு மேடையில் ஆடவைப்பதையே இன்று பல நாடுகள் சட்டத்தால் தடுத்துவிட்டன. சாட்டையை விட்டவர் கூண்டை விடவில்லை. யானைக்கு அன்பாக ரொட்டி தந்தாலும் அதன் காடு திரும்பாது. அவருடைய நூற்றாண்டு அந்த வினாவை அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன விடை கூறியிருப்பாரோ தெரியாது. ஆனால் நாயின் நிலை வேறு. அது மனிதனோடு வாழ வந்த பிராணி. அதற்குக் கற்பித்தே ஆகவேண்டும். அடித்துக் கற்பிப்பதா, ஊட்டிக் கற்பிப்பதா என்பதே கேள்வி. ஜேர்மனியில் 1910இல் கொன்ராட் மொஸ்ற் எழுதிய காவல்நாய்ப் பயிற்சி நூல் பரிசோடு வலிந்த அடக்குமுறையையும் கற்பித்தது. நெடுங்காலம் உலகின் பொலிஸ், இராணுவ நாய்கள் பெரிதும் அந்த வழியிலேயே பழக்கப்பட்டன. கண்ணில்லாதவருக்கு வழிகாட்டும் நாய்களையும் புதையுண்ட வெடிபொருளை மோப்பம் பிடிக்கும் நாய்களையும் இன்று பயிற்றுவோர் பெரும்பாலும் துணுக்கையும் விளையாட்டுப் பந்தையுமே நம்புகின்றனர். எமது வடபுலத்துக் கண்ணிவெடி நிலங்களில் மோப்பம் பிடித்துத் திரிந்த நாய்களைக் கண்டவர்கள், ஒன்றைக் கண்டுபிடித்து அசையாமல் அமர்ந்த நாய்க்குக் கிடைத்த பந்தையும் கண்டிருப்பார்கள்.

தூரொவ் 1934ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் மொஸ்கோவிற் காலமானார். நொவோதேவிச்சி இடுகாட்டில் அடக்கஞ் செய்யப்பட்டார். மாளிகையை அவர் மகள் அன்னா ஏற்று நடத்தினார். பின்னாளில் அதே குடும்பத்து நத்தாலியா தூரொவா 2007இல் இறக்கும்வரை அதன் தலைவியாக இருந்தார். அங்கே சிறுவர் விரும்பிக் காண்பது எலிகளின் ரெயில் வண்டி. சின்னஞ்சிறு பெட்டிகள் தண்டவாளத்தில் நிற்கும். எலிகள் வரிசையாய் ஏறும். வண்டி புறப்பட்டு ஒரு சுற்றுச் சுற்றி நிலையத்தை அடைந்ததும் இறங்கி ஓடும். ஏறுமிடத்திலும் இறங்குமிடத்திலும் சில தானிய மணிகள் வைக்கப்பட்டிருக்கும்.